வாசகர் கேள்வி – பதில்: வலைப்பதிவு எழுத ஒருவரை இணங்கவைப்பது எப்படி?

தமிழில் இணையத்தில் எழுதுவது பற்றிச் சென்ற இதழில் வந்த குறிப்புக்குக் கிடைத்த கடிதங்களிற் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. எழுதத் தெரிந்தவர்களும் சொல்வதற்கு விடயம் உள்ளவர்களும் வலைப்பதிவு என்றவுடன் பின்வாங்குகிறார்கள். அவர்களை எப்படி இணங்கவைப்பது? இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். சக ஆசிரியர்கள் ஆளுக்கொரு வலைப்பதிவு தொடங்கவேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு விளக்கவுரையே செய்தேன். எல்லோரும் நன்றாகக் கேட்டார்கள், ஒருவரும் தொடங்கவில்லை. “முகநூலும் வட்ஸ்அப்பும் இருக்க இது எதற்கு ரீச்சர்?” என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்லலாம்?
– ஓர் ஆசிரியை, கோப்பாய்

பதில்: அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. முகநூலில் காலையில் எழுதியதற்கு மத்தியானத்துக்குள் பலர் விருப்பம் தெரிவித்துவிடுகிறார்கள். வட்ஸ்அப் குழுவில் போட்ட வினாத்தாள் அன்றிரவே எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இருக்கிறது. அந்த வேகத்தை வலைப்பதிவு தராது. தரும் என்று சொல்லி ஒருவரை எழுதவைத்தால், சில கிழமைகளில் அவர் ஏமாற்றத்தோடு நிறுத்திவிடுவார். அதன் பின்னர் நீங்கள் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்.

வலைப்பதிவின் பெறுமதி எழுதிய அன்று தெரிவதில்லை. ஒரு வருடம் கழித்து, எழுதியதைத் தேடும்போதுதான் தெரியும். ஆகவே கூட்டத்தில் விளக்குவதை விட்டுவிட்டு, ஓய்வறையில் உங்கள் பக்கத்தில் இருக்கும் ஆசிரியரிடம், சென்ற வருடம் இதே தவணையில் அவர் முகநூலில் எழுதிய பாடக்குறிப்பை இப்போது எடுத்துத் தரும்படி கேளுங்கள். அவர் கீழே கீழே தள்ளிக்கொண்டு போவார். பிறந்தநாள் வாழ்த்துகளும் கோயில் திருவிழாப் படங்களும் வருமேயொழியக் குறிப்பு இலகுவில் அகப்படாது. எழுதியவருக்கே இந்த நிலை என்றால், முகநூலிற் கணக்கில்லாத முல்லைத்தீவுப் பிள்ளை ஒன்று அதைக் கண்டெடுப்பது எப்படி? முகநூல் இடுகைகள் பெரும்பாலும் தேடுபொறிக்கு அகப்படுவதில்லை. கணக்கு இல்லாதவருக்கு முழுமையாகத் திறப்பதும் இல்லை. வலைப்பதிவில் உள்ளதைத் தேடுபொறி கண்டெடுக்கும், எவரும் திறந்து வாசிக்கலாம். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை உங்கள் சக ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த நாள்களில் முகநூலில் மட்டும் இருந்த குறிப்புகள் எல்லாம் அதோடு சேர்ந்து பூட்டிக் கிடந்தன.

இதைச் சொன்னாலும் எல்லோரும் எழுதிவிடமாட்டார்கள். எல்லோரையும் எழுதவைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே விடயத்தை மீண்டும் மீண்டும் விளக்கிக் களைத்துப்போனவர் ஒருவர் எந்தப் பாடசாலையிலும் இருப்பார். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் எங்கள் வேலிகளில் படரும் செடிகொடிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுபவராக இருக்கலாம். முசுட்டை இலை இதய வடிவில் இருக்கும், புரட்டிப் பார்த்தால் அடிப்புறத்தில் வெண்பட்டுப்போல் மயிர் படிந்திருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம் என்று அவர் வகுப்பிற் சொல்லுவார். வேலிகள் போய் மதில்கள் வந்துவிட்ட ஒழுங்கைகளில் அந்தக் கொடியை இன்று தேடவேண்டியிருக்கிறது. அந்த ஆசிரியர் சொல்வதை நீங்கள் ஒரு பக்கத்துக்கு எழுதி, இலையின் இரு புறத்தையும் படமெடுத்து, எந்த ஊரில் எந்த மாதத்தில் எடுத்தது என்று குறித்து, அவருடைய பெயரிலேயே ஒரு பதிவாக இட்டுக் காட்டுங்கள். கணக்குத் திறப்பது, எழுத்துருவைச் சரிசெய்வது, படத்தைச் சுருக்குவது எல்லாம் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். அடுத்த வருடம் அவர் அந்த இணைப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மீதி நேரத்தில் பிள்ளைகளை வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனாரானால், ஓய்வறையில் உங்களுக்காகப் பேச அவரே போதும்.

இன்னொன்று. பாடசாலையின் பெயரில் ஒரு பொதுப் பதிவு தொடங்கலாமே என்று அதிபர் சொல்லக்கூடும். எனது எண்ணத்தில் அது அவ்வளவு நல்லதல்ல. பொறுப்பாக இருந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தவுடன் அப்படிப்பட்ட பதிவு நின்றுவிடும். ஆசிரியரின் சொந்தப் பெயரில் இருந்தால், அவர் கிளிநொச்சிக்குப் போனாலும் பதிவு அவரோடு போகும்.

கேள்வி: எனது பெரியப்பா ஓய்வுபெற்ற அதிபர். எங்கள் ஊரின் கோயில்கள், கேணிகள், தெருமூடி மடங்கள் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு ஒருவருக்கும் தெரியாது. வலைப்பதிவில் எழுதும்படி கேட்டால், அச்சில் வந்தால்தான் எழுத்து, மற்றது பொழுதுபோக்கு என்கிறார். அவருடைய மனத்தை எப்படி மாற்றுவது?
– ஒரு வாசகர், வட்டுக்கோட்டை

பதில்: மாற்ற முயலவேண்டாம். அச்சு மீது அவருக்குள்ள மதிப்புக்குக் காரணம் இருக்கிறது. உதயதாரகைப் பத்திரிகை 1841 இல் தொடங்கிய மண் இது. ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியதும் இங்கேதான். அந்த மரபில் வளர்ந்தவரிடம் அச்சைக் குறைத்துப் பேசினால் நீங்கள் சொல்ல வந்தது காதிலேயே ஏறாது.

அவர் அச்சு என்று எதைச் சொல்கிறார் என்பதை மட்டும் சற்று யோசியுங்கள். எங்கள் ஊர்களின் வரலாற்றிற் பெரும்பகுதி பெரிய பதிப்பகங்களின் நூல்களில் இல்லை. அது கோயிற் கும்பாபிஷேக மலர்களிலும், பாடசாலை நூற்றாண்டு மலர்களிலும், ஒருவர் மறைந்து 31 ஆம் நாள் வீட்டில் வைத்து வழங்கப்படும் நினைவு மலர்களிலும் இருக்கிறது. தேவாரமும் வம்சாவளியும் அச்சிட்ட அந்தச் சிறு புத்தகத்தின் நடுவில், ஊரின் எந்தக் குளத்தை யார் வெட்டினார், எந்த மடத்துக்கு யார் காணி எழுதிவைத்தார் என்று ஒரு கட்டுரை இருக்கும். பதிப்பாளர் எவரும் கேட்டு எழுதியதல்ல. குடும்பத்தவர் தங்கள் செலவில் அச்சிட்டு, தங்கள் கையால் கொடுத்தது. வாங்கியவர் ஒருமுறை புரட்டிவிட்டு அலுமாரியில் வைப்பார். பிறகு கறையான் தின்னும், அல்லது வீடு மாறும்போது எறியப்படும்.

2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகம் இப்படியான மலர்களை மின்வருடி எவரும் வாசிக்கும்படி வைத்திருக்கிறது. பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, உங்கள் கைபேசியில் அந்தத் தளத்தைத் திறந்து, உங்கள் ஊரின் பெயரை இட்டுத் தேடுங்கள். உங்கள் ஊர் மலர் ஒன்று கிடைத்தால் அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அதில் ஒரு வருடம் பிழையாக இருக்கும், அல்லது மடத்தைக் கட்டியவரின் தகப்பன் பெயர் மாறியிருக்கும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரால் அந்தப் பிழையைக் கண்டும் பேசாமல் இருக்க முடியாது. அவர் திருத்திச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் அவருடைய முதற் பதிவு.

அச்சிட்ட மலரில் உள்ள பிழை இன்னொரு மலர் வரும்வரை அப்படியே இருக்கும். பெரும்பாலும் அடுத்த மலரை எழுதுபவரும் முதல் மலரைப் பார்த்தே எழுதுவார். வலைப்பதிவிலோ அன்றிரவே திருத்தலாம். திருத்திய திகதியையும் குறிக்கலாம். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் ஊரவர் ஒருவர், தன் பாட்டனாரின் காணி உறுதியில் வேறுவிதமாக இருக்கிறது என்று பின்னூட்டத்தில் எழுதி, படத்தையும் மின்னஞ்சலில் அனுப்பலாம். ஊர் வரலாற்றைப் பொறுத்தவரை இந்த வசதி மிகப் பெரியது, ஏனெனில் சான்றுகளிற் பாதி ஊருக்கு வெளியே போய்விட்டது. போனவர்களின் அலுமாரிகளில் உள்ள உறுதிகளும் படங்களும் வெளியே வருவதற்கு, இங்கே யாராவது ஒருவர் முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

அச்சைப் பற்றிய பேச்சு வந்தால் மல்லிகையை நினைவூட்டுங்கள். 1966 இல் தொடங்கி 2012 வரை வெளிவந்த அந்த இதழை டொமினிக் ஜீவா தாமே சுமந்து தெருவிலும் கூட்டங்களிலும் விற்றார். எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் எழுதி, அச்சிட்டு, வாசகரைத் தேடிப்போய்க் கொடுத்தவரை உங்கள் பெரியப்பா மதிப்பார் என்றே நினைக்கிறேன். வலைப்பதிவர் செய்வதும் அந்த வேலையைத்தான். அச்சுச் செலவு மட்டும் இல்லை. ஒவ்வொரு பதிவையும் தாளில் அச்சுப்பிரதி எடுத்து ஒரு கோப்பில் அடுக்கி அவர் மேசையில் வையுங்கள். போதிய கட்டுரைகள் சேர்ந்தபின் நூலாக்கலாம். அதற்குள் பிழைகளும் திருத்தப்பட்டிருக்கும்.

கேள்வி: அப்பா வாழ்நாள் முழுவதும் தோட்டம் செய்தவர். வெங்காயத்தைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் அவரிடம் உள்ள அறிவை எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். “நான் என்ன எழுத்தாளனா? இது எல்லாருக்கும் தெரிந்த விசயம்” என்று தட்டிக்கழிக்கிறார்.
– ஒரு மகள், புத்தூர்

பதில்: தமக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பது, நன்றாகத் தெரிந்தவர்களின் இயல்பு. அவரிடம் “எழுதுங்கள்” என்று கேட்பதை விட்டு, நீங்கள் கேள்வி கேட்டுப் பதிலைப் பதியுங்கள். கேள்வியும் மிகக் குறுகியதாக இருக்கவேண்டும். “கமத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் அவர் என்ன சொல்வார்? “எங்கள் கிணற்றில் எந்த மாதத்தில் உவர் தட்டத் தொடங்கும்?” என்று கேட்டால் அரை மணித்தியாலம் பேசுவார்.

நீங்கள் இருப்பது புத்தூர் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் மாரி மழைநீர் தேங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலெழும். உங்கள் பக்கத்தில் இருக்கும் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை ஊரவர் எல்லோரும் அறிவர். ஆய்வாளர்கள் தெரிந்தெடுத்த சில கிணறுகளில்தான் நீரை எடுத்து அளக்கிறார்கள். உங்கள் அப்பாவோ ஒரே கிணற்றைத் துலாக் காலத்திலிருந்து நீரிறைக்கும் இயந்திரக் காலம் வரை பார்த்தவராக இருப்பார். இயந்திரம் வந்தபின் இறைப்பு எத்தனை மணித்தியாலமாகக் கூடியது, எந்த வருடத்துக் கோடையில் பயிர் நுனி கருகியது, எத்தனை நாளுக்கு ஒருமுறை இறைத்தால் கிணறு தாங்கும் என்ற கணக்குகள் எல்லாம் அவர் நினைவில் இருக்கும். வேறு எங்கும் எழுதப்படாத தரவு அது.

கைபேசியின் குரல்வழித் தட்டச்சு தமிழிலும் வேலை செய்யும். ஊர்ச் சொற்களில் அது தடுமாறும். பாத்தி, பட்டை, துரவு என்று அவர் சொல்வதை வேறு எதுவாகவோ எழுதிவிடும். நீங்கள் இருந்து திருத்தவேண்டும். திருத்தும்போது அவருடைய சொற்களைப் பாடப்புத்தகச் சொற்களாக மாற்றிவிடாதீர்கள் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். தேவையான இடத்தில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தாற் போதும். பதிவின் தலையில் ஊரையும், கிணற்றின் ஆழத்தையும், அவர் சொன்ன மாதத்தையும் வருடத்தையும் குறியுங்கள்.

எழுதியதை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தம் பேச்சு ஒழுங்காக எழுத்தில் நிற்பதைக் கேட்கும்போது, விடுபட்டதைச் சொல்ல அவராகவே தொடங்குவார். அதன்பின், புதிதாகத் தோட்டம் செய்யும் இளைஞர் ஒருவருக்கு இணைப்பை அனுப்பி, அவருக்கு எழும் சந்தேகத்தை அப்பாவிடம் கொண்டுவாருங்கள். இது எல்லோருக்கும் தெரிந்த விசயம் என்ற பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

இப்போது எதைக் கேட்டாலும் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறதே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று உங்கள் தம்பிமார் கேட்கக்கூடும். எவரும் எழுதிவைக்காத உங்கள் கிணற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கேட்டால், வேறு ஊர்க் கிணறுகளைப் பற்றி எழுதப்பட்டதை வைத்துப் பொதுவாக ஏதோ சொல்லும்.

கேள்வி: நானே தொடங்கிவிட்டேன், ஆனால் ஒருவரும் வாசிப்பதில்லை. பின்னூட்டமும் இல்லை. என்னை இணங்கவைத்த நண்பரில் கோபமாக இருக்கிறது.
– ஒரு பதிவர், சாவகச்சேரி

பதில்: புதிய வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் பட்டியலிடும் தளங்களைத் திரட்டி என்போம். அவற்றில் ஒன்றான தமிழ்மணம் 2004 இல் தொடங்கியபின் சில வருடங்களுக்கு, புதிதாக எழுதியவரைத் திரட்டிகளே வாசகரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று வாசகர் இரண்டு வழிகளில் வருகிறார்: ஒன்று தேடி வருகிறார், அல்லது தெரிந்தவர் அனுப்பிய இணைப்பில் வருகிறார். தேடி வருபவர் உங்களைக் கண்டெடுக்கவேண்டுமானால் தலைப்பில் இடமும் பொருளும் இருக்கவேண்டும். “மனம் கவர்ந்த சுவை” என்று தலைப்பிட்டால் ஒருவருக்கும் அகப்படாது. “தென்மராட்சிப் பலாவில் எத்தனை இனம்” என்று தலைப்பிட்டால் அதைத் தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் என்றாவது வந்தே தீருவார்.

இணைப்பை எல்லாக் குழுக்களுக்கும் அள்ளி வீசாதீர்கள். அந்த விடயம் யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும், ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரியும் எழுதி அனுப்புங்கள். பார்வையாளர் எண்ணிக்கையைத் தினமும் பார்ப்பதையும் சிறிது காலம் நிறுத்திவையுங்கள். நண்பரில் கோபம் வேண்டாம். உங்கள் ஒவ்வொரு பதிவையும் வாசித்து ஒரு கேள்வியாவது கேட்கவேண்டும் என்று அவரிடம் உரிமையோடு சொல்லுங்கள். எழுதும்படி பிறரைத் தூண்டுபவருக்கு அந்தக் கடமை இருக்கிறது.

கேள்வி: மகளை எழுத ஊக்குவிக்கிறேன். இணையத்தில் எழுதினால் சட்டப் பிரச்சினை வரும் என்று உறவினர் பயப்படுத்துகிறார்கள்.
– ஒரு தந்தை, பருத்தித்துறை

பதில்: பயத்தைப் புறந்தள்ள முடியாது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளை இணையத்தில் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. அதன் சொற்கள் மிக விரிந்தவை என்று பலரும் விமர்சித்திருக்கிறார்கள். அது முகநூலுக்கும் பொருந்தும், வலைப்பதிவுக்கும் பொருந்தும். தாம் கண்டதையும் செய்ததையும் எழுதுவது, பிறரிடம் கேட்டதை இன்னாரிடம் கேட்டது என்று குறிப்பது, பிறருடைய முகவரியையும் அனுமதியில்லாத படத்தையும் இடாமல் விடுவது ஆகிய பழக்கங்கள் மகளுக்கு முதலிலேயே வரட்டும். ஒருவரைக் குற்றஞ்சாட்டும் பதிவானால், இடுவதற்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பாடுபட்டு எழுதியது பத்து வருடத்தின் பின் இருக்குமா? இருக்கும் என்று உறுதி கொடுக்க முடியாமல் மற்றவரை எப்படி எழுதச் சொல்வது?
– ஒரு வாசகி, நெல்லியடி

பதில்: தானாக இருக்காது. ஜியோசிற்றீஸ் தளத்தை யாகூ 2009 இல் மூடியபோது எண்ணற்ற தனிமனிதர்களின் பக்கங்கள் மறைந்தன. கூகிள் பிளஸ் 2019 இல் மூடப்பட்டது. எங்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு: ஒருகாலத்தில் ஈழத்தவர் பலர் பாமினி எழுத்துருவில் எழுதினார்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் பக்கங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலாகவே தெரிகின்றன. அவற்றை எல்லாக் கணினிகளிலும் தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் செயலிகள் இருக்கின்றன, யாராவது மாற்றவேண்டும். இன்று ஒருங்குறியில் எழுதுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஆகவே, இருக்கும் என்று உறுதி கொடுக்காதீர்கள். இருக்கச்செய்யும் வழியைச் சொல்லிக்கொடுங்கள். வலைப்பதிவு எழுத உதவும் சேவைகளான, 1999 இல் வந்த புளொக்கரிலும் 2003 இல் வந்த வேர்ட்பிரஸிலும் முழுப் பதிவையும் தரவிறக்கி எடுக்கும் வசதி இருக்கிறது. தைப்பொங்கலுக்கு ஒருமுறை, ஆடிப்பிறப்புக்கு ஒருமுறை என்று நாள் வைத்து அதைச் செய்து, ஒரு பிரதியை வீட்டிலும் ஒன்றை வெளியூரில் உள்ள உறவினரிடமும் வையுங்கள். முக்கியமான பதிவுகளை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் பொறியிலும் சேமிக்கலாம்; முகவரியைக் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும்.

பலர் கவனிக்காத ஆபத்து வேறொன்று. எழுதியவர் நோயுற்றாலோ மறைந்தாலோ, கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியாமற் போகிறது. இரண்டு வருடங்களாகப் பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கலாம் என்று கூகிள் 2023 இல் அறிவித்தது. புளொக்கர் பதிவுகள் அந்தக் கணக்கோடுதான் இணைந்திருக்கின்றன. வயதில் மூத்த ஒருவரை எழுதவைக்கிறீர்கள் என்றால், தொடங்கும் அன்றே உங்களையோ அவருடைய பிள்ளைகளில் ஒருவரையோ இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். புளொக்கரில் அமைப்புகள் பகுதிக்குள் அனுமதிகள் என்ற இடத்தில் அதற்கு வழி இருக்கிறது. மின்னஞ்சலில் வரும் அழைப்பைச் சேர்க்கப்படுபவர் ஏற்றபின், அவரை ஆசிரியர் என்ற நிலையிலிருந்து நிர்வாகி என்ற நிலைக்கு மாற்றவும் வேண்டும்.